நாற்பது வருஷம் தேடிய ரெக்கார்டு

சுடலைக்கண்ணு முதல் கட்டைப் பிரித்து, அட்டையை ஒரு பக்கமும் பாட்டு ரெக்கார்டை ஒரு பக்கமுமாகப் போட ஆரம்பித்திருந்தார். அவருடைய பழைய சாமான் வியாபாரத்தில் அட்டை தனி எடை, பிளாஸ்டிக் தனி எடை. வாசலில் ஆட்டோ வந்து நின்று மகள் ஆசிபா இறங்கியதும் குலாம் ரசூலின் முகம் செத்துவிட்டது.

“நாளைக்குல்ல வாரதாச் சொன்னே?”

“டிக்கெட் இன்னைக்கே கெடச்சிட்டு வாப்பா.” பெட்டியைக்கூட இறக்காமல் உள்ளே ஓடி வந்தாள். “என்ன இது? இதையெல்லாம் ஏன் அள்ளிப் போடுதீங்க?”

“எடத்த அடைக்குதும்மா.”

இடத்தை அடைக்கிறதாம்! ரெக்கார்டில் எவன் விரல் பட்டாலும் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசாத மனிதர் சொல்கிற பேச்சா இது? இருபத்திரண்டு வயதில் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு மாலுமி கொடுத்த ரெக்கார்டில் பிடித்தது அந்த ஜாஸ் கிறுக்கு. அப்புறம் கோவில்பட்டிக்கு வந்து கடை வைத்தும் விடவில்லை.

ரெக்கார்டில் சாக்ஸபோன் இழுக்கும்போதெல்லாம், “பாய் வீட்டுப் பூனைக்கு இடுப்புவலி கண்டுட்டுடோய்” என்று தெருவே சிரிக்கும். அவர் அசைந்து கொடுக்க மாட்டார். பங்குனிக் காற்றில் கரிசல் புழுதி வீட்டுக்குள் ஏறினால் முதலில் ரெக்கார்டுகளைத்தான் மூடுவார், சோற்றுப்பானை அப்புறம்தான். உம்மா அமீனா பீவி அதற்கும் சிரித்துக்கொண்டு, பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுப்பாள்.

உம்மா மவுத்தாகி நாளை மறுநாளோடு ஒரு வருஷம். வருஷ பாத்தியா ஓதுவதற்குத்தான் ஆசிபா சார்ஜாவிலிருந்து வந்திருந்தாள்.

சுடலைக்கண்ணு ஜன்னலோரம் கிடந்த எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துச் சாக்கில் போடப் போனார். விளிம்பெல்லாம் ஒடுங்கின பழைய டம்ளர். குலாம் ரசூல் பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

“அதத் தொடாதேயும்!”

அது உம்மாவின் டம்ளர். பக்கவாதத்தில் பேச்சு போய்ப் பின்னறையில் படுத்துக் கிடந்த இரண்டு வருஷமும், தண்ணீர் வேண்டுமென்றாலும் புரண்டு படுக்க வேண்டுமென்றாலும் ஸ்பூனால் அதில் தட்டித்தான் கூப்பிடுவாள். ஆசிபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நானூறு ரெக்கார்டையும் அள்ளிக் கொடுக்கிறவருக்கு இதைக் கொடுக்க மனசில்லை.

“அண்ணாச்சி, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று சுடலைக்கண்ணுவை வெளியே அனுப்பினாள்.

எடைக்கு எடுத்து வைத்ததில் முதலாவதாக இருந்தது எது என்று பார்த்தவளுக்குத் திக்கென்றது. அந்த ரெக்கார்டு! அட்டையில் மூன்று பேர். ஒருவர் பியானோவுக்கு முன்னால், ஒருவர் கையில் கிதார், இன்னொருவர் ஆளுயர வயலின் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். வாப்பா நாற்பது வருஷம் தேடியது, போன வருஷம் ஒரு நாள் பகல் மூன்று மணிக்குக் கூரியரில் வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் உம்மாவும் போனாள்.

முதல் பாட்டிலேயே வாப்பாவுக்குப் பொறுக்கவில்லை, சார்ஜாவுக்குப் போன் போட்டுவிட்டார். “இதக் கேளும்மா!” என்று போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். பியானோவுக்கு அடியில் டிங் டிங்கென்று சன்னமாக ஒரு தாளம், தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி. “டிரம்ஸ்காரன் என்னமாத் தட்டுதான், பாத்தியா!” என்றார். ஆசிபாவும் அங்கிருந்தபடியே மேஜையில் விரலால் தாளம் போட்டாள். பாட்டு முடியுமுன் அந்தச் சத்தம் மெல்ல ஓய்ந்தது. அதுகூட அழகாகத்தான் இருந்தது.

ஐந்து மணிக்கு வாப்பா டீயோடு போய் எழுப்பினால், உம்மா இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். மய்யித்தின் முகம் பார்க்கக்கூட ஆசிபாவால் வந்து சேர முடியவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டே தூக்கத்தில் போயிருக்கிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் இந்த ஒரு வருஷமும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“உம்மா கடைசியாக் கேட்ட பாட்டு வாப்பா இது. இதப் போயி எடைக்குக் குடுப்பீங்களா?”

“வேண்டாம்மா. அத மட்டும் ஓடவிடாத.”

“அழுக வந்தா அழுதுருங்க. எல்லாத்தையும் உள்ளேயே வச்சித்தான் இப்படி ஆயிட்டீங்க.”

துப்பட்டா நுனியால் ரெக்கார்டைத் துடைத்து, பிளேயரை மூடியிருந்த துணியை விலக்கி, முள்ளை வைத்தாள். குலாம் ரசூல் தடுக்கக் கையைத் தூக்கி, முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

பியானோ வந்தது. கிதார் வந்தது. ஆளுயர வயலின் அடியில் முணுமுணுத்தது. ஆசிபா கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தூறலுக்காகக் காத்திருந்தாள். பாதிப் பாட்டு போய்விட்டது, சத்தத்தைக் கூட்டினாள், வரவில்லை. முள்ளை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தாள். அப்போதும் இல்லை.

“வாப்பா, அந்த டிங் டிங் எங்க? அன்னைக்கு நானும் போன்ல கேட்டேனே… அந்த டிரம்ஸ்காரன்?”

குலாம் ரசூல் அந்த டம்ளரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“இந்த ரெக்கார்டுல டிரம்ஸே கெடையாதும்மா.”