விட்டுப்போன சொல்

பெரிய எழுத்தில் இருந்ததைத்தான் பொன்னுத்தாயி முதலில் கூட்டினாள்.

"ச... ர... வ... சரவணகுமார்! ஏ ஈஸ்வரி, எம் மகன் பேருடி!"

"ஆமா, ஒலகத்துல ஒரே ஒரு சரவணகுமாருதேன் இருக்கான்!" என்று நொடித்தாள் ஈஸ்வரி.

வகுப்பே சிரித்தது.

அரியக்குடிப் பக்கம், பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில் நடக்கிற படிப்பு மையம் அது. அங்கே பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் பாடப் புத்தகம். எழுத்து பெரிசு, பாருங்கள். கண்ணாடி இல்லாதவர்களும் வாசிக்கலாம்.

இன்றைய கட்டு, தேவகோட்டையில் ஈஸ்வரி பாத்திரம் தேய்க்கிற வீட்டில் கழித்துப் போட்டது.

சொல்லித்தரும் சந்திரலேகாவும் சிரித்தாள். திருப்பூரில் பெரிய வேலையில் இருக்கும் அந்த மகனுக்காகத்தானே பொன்னுத்தாயி கைநாட்டை விட்டதே! அவன் கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைத் தானே வாசிக்க வேண்டும். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள்.

விரல் மேல் வரிக்குப் போனது. இதே ஊர்ப் பெயர்.

சிரிப்பு நின்றது.

"அமரர்... வேல்பாண்டி."

புருசன் பேரை ஒருநாளும் வாயால் சொல்லாதவள். எழுத்துக் கூட்டிய வேகத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக, டீச்சர். போயிச் சேந்தவுகளுக்கு அப்பிடித்தேன் போடணும்னு சாவுப் போஸ்டரைக் காட்டிச் சொன்னீகளே."

சந்திரலேகா தேதியைப் பார்த்தாள். போன வைகாசி. கல்யாணம் முடிந்து நாலு மாதம். பொன்னுத்தாயியும் பார்த்துவிட்டாள்.

பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவசரத்துல வச்சிருப்பான். தாக்கல் சொல்ல நேரம் இருந்திருக்காது. எம் பேரைப் போட்டிருக்கானான்னு பாப்பம்."

அவள் விரல் நகருமுன் சந்திரலேகாவின் கண் அங்கே போய்விட்டது. சட்டென்று பத்திரிகையின் மேல் கட்டைவிரலை ஊன்றினாள்.

"இங்கேருந்து வாசிங்கக்கா."

"பொன்... னுத்... தாயி."

ஈஸ்வரி மட்டும் கை தட்டினாள். பொன்னுத்தாயிக்கு முகமெல்லாம் பல். தன் பேரை இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள்.

தடவிய விரல் டீச்சரின் கட்டைவிரலில் முட்டி நின்றது. அதன் ஓரத்தில் ஒரு 'அ' மட்டும் எட்டிப் பார்த்தது.

"வெரலை எடுங்க டீச்சர். முன்னால ஒரு சொல்லை விட்டுப்பிட்டோம்ல?"