பூசாத இடம்

சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு யாராவது உச்சி வெயிலில் போய் உட்காருவார்களா?

துணி உலர்த்த மொட்டை மாடிக்கு வந்த ஷர்மிளா, வாளியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், நிழல் துளியும் விழாத இடமாகப் பார்த்து மேகலா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் ஆம்பூர் வெயிலில் நீண்டிருந்தன. மடியில் க்ரீம் ட்யூப். கையில் காது குடைகிற பஞ்சுக் குச்சி.

அந்தக் குச்சியால் கால் விரல்களுக்குக் க்ரீம் தடவிக்கொண்டிருந்தாள், தூங்குகிற குழந்தைக்கு மை வைப்பவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஷர்மிளாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

புரியாமல் போனது இன்றைக்கு மட்டும் இல்லை. ஷூ கம்பெனி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்றுதான் பேர். மேகலா எந்த ஊர் என்று கேட்டால் குடியாத்தம் பக்கம் என்பாள். எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டாள். படுக்கும்போதும் சாக்ஸைக் கழற்ற மாட்டாள். பித்தவெடிப்பு என்பாள்.

நாளைக்கு அந்தச் சாக்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஆர்டர் கொடுக்கிற பையர் வெளிநாட்டிலிருந்து நாளை வருகிறார். விரல் தெரிகிற புது மாடல் செருப்பை ஒரு பெண்ணின் காலில் போட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். சாம்பிள் அளவுக்கு அச்சாகப் பொருந்துகிற கால் லைனிலேயே மேகலாவுடையதுதான். சூப்பர்வைசர் இருதயராஜிடம் போய் அவள் பேரைச் சொன்னதும் ஷர்மிளாதான். கால் பிடித்துப்போனால் பசை நாற்றத்தை விட்டு மேகலா சாம்பிள் ரூமுக்கே போய்விடலாம்.

இரண்டு வாரத்துக்கு முன் சேதியைக் கேட்டதும் மேகலாவின் முகம் வெளிறிப்போனது. கூச்சம் என்று ஷர்மிளா நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம்தான் மேகலா முதல் தடவையாக அவளிடம் க்ரீம் பற்றிக் கேட்டாள்.

கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டுமே இடம் தருகிற ஹாஸ்டல் அது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதிப் பேச்சு மாப்பிள்ளையைப் பற்றி, மீதிப் பேச்சு முகத்தைப் பற்றி. இரண்டிலும் சேராதவள் தானாக வந்து கேட்டதில் ஷர்மிளாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலூர்த் தோல் டாக்டர் தனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். முகம் கழுவு. ஈரம் காக்க ஒரு க்ரீம். அதற்கு மேல் சன்ஸ்கிரீன். வியர்த்தால் மறுபடி பூசு. எலுமிச்சம்பழமும் வேண்டாம், சிவப்பாக்குகிறேன் என்கிற டப்பாக்களும் வேண்டாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மேகலா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூசாம உட்ட எடம் மட்டும் கறுத்துடுமா?"

ஆமாம், அதனால்தான் காது, கழுத்து எதையும் விடக்கூடாது என்றாள் ஷர்மிளா. நல்ல மாணவி கிடைத்துவிட்டாள் என்று அவளுக்குச் சந்தோஷம்.

மாணவியின் முகமோ நாளாக ஆகக் கறுத்துக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வேளையில் அவள் வெயிலில் நிற்பதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

"டீச்சரம்மா, உன் க்ரீம் ஜாஸ்தி வேலை செய்யுது போல" என்று பக்கத்து அறைக்காரிகள் ஓட்டினார்கள்.

ஷர்மிளா வாளியை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"இன்னா மேகலா இது? அங்கங்க உட்டுட்டுப் பூசுனா காலு திட்டுத் திட்டா ஆயிடும். நாளைக்கு எல்லாரும் குனிஞ்சு பாப்பாங்க."

மேகலா காலை மடக்கப் பார்த்தாள். ஷர்மிளா விடவில்லை. நாள் முழுக்கத் தோலை இழுத்துப் பிடித்துத் தைக்கிற கை அது. ட்யூபைப் பிதுக்கி இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து வழித்துத் தேய்த்தாள், விட்ட இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று.

கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் அவள் கை நின்றது.

சின்னப் பள்ளம் ஒன்று தட்டுப்பட்டது. ரொம்ப நாள் கயிற்றால் கட்டி வைத்து அவிழ்த்தது போல, விரலைச் சுற்றி.

மற்றக் காலைத் தொட்டாள். அதே விரல். அதே பள்ளம்.

க்ரீமை விலக்கிப் பார்த்தாள். பாதம் முழுக்க ஒரே நிறம். அந்த இரண்டு வளையங்கள் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. இன்னும் ஒரு வெயில் பட்டால் சேர்ந்துவிடும் போல இருந்தது.

தேய்த்துக் கழுவ மெட்டியைக் கழற்றும்போதெல்லாம், ஷர்மிளாவின் அக்கா விரலிலும் இப்படித்தான் இருக்கும்.

மேகலா காலை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

எப்போது கழற்றினாள், எதற்காக, அந்த ஆள் எங்கே, அவளைத் தேடுகிறானா, இத்தனை நாள் தன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது யார்? கேள்விகள் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழுந்ததில் ஷர்மிளாவுக்கு எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. வார்டனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் மேகலாவின் பெட்டி கேட்டுக்கு வெளியே கிடக்கும். அது மட்டும் தெரிந்தது.

துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள்.

அந்த இரண்டு வளையங்களில் இருந்த க்ரீமை மட்டும், மற்ற இடத்தில் கலையாமல், துடைத்து எடுத்தாள்.

பிறகு, யாராவது ஏறி வருகிறார்களா என்று மாடிப்படியைப் பார்த்தபடி, அவள் பக்கத்திலேயே வெயிலில் உட்கார்ந்துகொண்டாள்.