தானாக அணைந்த சுருட்டு

அந்தச் சாம்பல் கிண்ணத்துக்கு சிகரெட்டுகளோடுதான் பழக்கம். எல்லாமே அவசரமாக எரிந்து, அதன் மடியில் நசுங்கிச் சாகும். அன்று விருந்தாளி ஒருவர் தடித்த சுருட்டொன்றை அதன் விளிம்பில் சாய்த்தார்.

“சாம்பலைத் தட்டிவிடச் சொல்லுங்கண்ணே!” என்று சுருட்டிடம் சொன்னது கிண்ணம்.

“தானா விழும், தம்பி. இப்பத்தான் என் புகையோட காப்பி மணம் அடங்கி மிளகுக் காரம் ஏறுது. மனுஷன் புகையை வாயிலேயே வச்சு ருசிக்கிறாரு, பாரு.”

விரல் நீளத்துக்குச் சாம்பல் கலையாமல் நின்றது. கிண்ணம் வாய் பிளந்து பார்த்தது. சுருட்டு கட்டையானதும், நசுக்கப்போகிறார் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டது.

அவரோ சுருட்டை மெல்லக் கிடத்தினார். அது நிதானமாக, தானே அணைந்தது.

அடுத்து வந்த சிகரெட்டிடம் கிண்ணம் இந்தப் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தது. பாதி சொல்வதற்குள் சிகரெட் நசுங்கிவிட்டது.