மாசி மகத்துக் குக்கர்

குக்கர் மூடியைத் திறக்கச் சக்கரபாணி கரண்டிக் காம்போடு உட்கார்ந்ததும், பந்தியில் இருந்த அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அவர் பெண்டாட்டி திரௌபதி மட்டும் மூடியைப் பார்க்காமல் சாமியை வேண்டிக்கொண்டு நின்றாள்.

சோறு வெந்திருந்தால் பிழைத்தாள். வேகாமல் போயிருந்தால் நாளைக்கே குக்கர் கடலூர்க் கடைக்குத் திரும்பிவிடும். அவளும் விறகடுப்புக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

மாசி மகம் என்றால் திட்டக்குடியிலிருந்து நாத்தனார் வீட்டு ஜனம் மொத்தமும் பஸ் ஏறி வந்து இறங்கிவிடும். எல்லோரும் மணிமுத்தாற்றில் தீர்த்தவாரி பார்க்கப் போவார்கள். பசியோடு திரும்பி வருகிறவர்களுக்கு இலை போட வேண்டுமே. அதனால் வீட்டு மருமகள்கள் இரண்டு பேரும் அடுப்படியில் புகையோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து திரௌபதி தீர்த்தவாரியைக் காதால் கேட்டதோடு சரி.

அதற்குத்தான் இந்தக் குக்கர். அடியில் கரியைப் போட்டு, மேலே தட்டுத் தட்டாக அடுக்கி, மூடிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், அதுபாட்டுக்கு மெதுவாக வெந்துகொண்டிருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

சக்கரபாணிக்குப் பீங்கான் பாக்டரியில் சூளைக்குத் தீ போடுகிற வேலை. கடையில் இருந்த குக்கர் ஒவ்வொன்றையும், ஜாடியில் விரிசல் பார்க்கிற மாதிரி விரலால் சுண்டினார். காதை வைத்துக் கேட்டார். கணீரென்று சத்தம் வந்ததை எடுத்துக்கொண்டார். இருந்ததிலேயே பெரியது அதுதான். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

ஓரகத்தி பெரியம்மாள் அதை முதல் நாளிலிருந்தே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டப்பாவ நம்பி உலை வெக்காம போறீங்களா? நான் வரல. அதத் தொடவும் மாட்டேன்" என்று இன்று காலையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டாள்.

யாரும் தொட வேண்டியதே இல்லை என்றார் சக்கரபாணி. கரி பற்றியதும் பாக்டரிக் களிமண்ணைக் குழைத்து மூடியைச் சுற்றி அப்பினார். அடியில் கரிப்பெட்டிக்கு இருந்த ஓட்டைகளையும் விட்டுவைக்கவில்லை. தீ ஏறியதும் ஓட்டையை அடைத்தால்தான் சூளையில் சூடு நிற்கும். இதுவும் ஒரு குட்டிச் சூளைதானே என்பது அவர் கட்சி.

அப்படித்தான் திரௌபதி ஆற்றுக்குப் போனாள். கூட்டத்தில் இடிபட்டாள், வெயிலில் காய்ந்தாள், யாரோ ஒருத்தியின் குடத்துத் தண்ணீரில் நனைந்தாள். சாமி ஆற்றில் இறங்கியபோது தேம்பித் தேம்பி அழுதாள். சந்தோஷம்தான். இனி வருஷா வருஷம் வருவேன் என்று சாமியிடம் அவளாகவே சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

இப்போது சக்கரபாணி மூடியைச் சுற்றியிருந்த களிமண்ணை விரலால் அழுத்திக் காட்டினார்.

"பாத்தீங்களா மாமா, மண்ணு கூட இன்னும் காயல. அவ்வளவு பதமான சூடு!"

நாத்தனார் புருஷன் ராஜாங்கம் பக்தியோடு தலையாட்டினார்.

காம்பால் நெம்பியதும் மூடி எழும்பியது. குப்பென்று ஆவி அடித்தது. அடித்தட்டுச் சோறு மல்லிகைப் பூவாகப் பூத்திருந்தது. பூசணிக்காய்க் கூட்டு குழையாமல் இருந்தது. பாயசத்தில் சேமியா ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ராஜாங்கம் மூன்றாம் தடவை சோறு கேட்டுவிட்டு, திட்டக்குடிக்கும் இதே மாதிரி ஒன்று சுண்டிப் பார்த்து வாங்கித் தரச் சொன்னார். சக்கரபாணியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

திரௌபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வரிசைக்குச் சாம்பார் ஊற்றக் கரண்டியை விட்டுக் கலக்கினாள்.

கரண்டியில் கறிவேப்பிலை வந்தது. வெடித்த கடுகு வந்தது. எண்ணெயில் சிவந்த மிளகாய் ஒன்றும் மிதந்து வந்தது.

காலையில் அவள் பருப்பையும் புளியையும் பொடியையும் பச்சையாகப் போட்டு மூடியதுதான். தாளிப்பதை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடுகு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

ஆண்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. சாம்பார் மணக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

தட்டுகளை எடுத்துவிட்ட வெறும் குக்கரைத் தூக்கிக்கொண்டு திரௌபதி அடுப்படிக்குப் போனாள். விறகடுப்பு அப்போதுதான் மெழுகின ஈரத்தோடு இருந்தது. குனிந்து கரிப்பெட்டியை இழுத்தாள்.

மேலாக ஒரு பிடி சாம்பல். கீழே அத்தனை கரியும் கடையில் வாங்கின கறுப்பு மாறாமல் கிடந்தது. காற்றுக்கு வழி இல்லாமல், அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே தீ அவிந்து போயிருக்க வேண்டும்.

"அக்கா..." என்று நிமிர்ந்தாள்.

பெரியம்மாள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன. நகக்கண்ணில் களிமண் இருந்தது. கூடத்தில் சக்கரபாணி குக்கரின் பெருமையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார்.

பெரியம்மாள் கரிப்பெட்டியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி மூடினாள்.

"வாயத் தொறக்காத. அடுத்த வருஷம் ஆத்துக்கு நான் போறேன். குக்கருக்கு நீ சோறாக்கி வை."