எத்தனை தடவை இருமினாங்க?

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடறேன்."

"நேத்து சாப்பிட்டதை இன்னுமா சாப்பிடறீங்க?" ஆசிரியை ஆராசெலி சிரித்தாள்.

இங்கெருக்குச் சிரிப்பு வரவில்லை. டென்மார்க் நர்ஸான அவள் ஸ்பானிஷ் கற்க, அந்த மொழி பேசும் ஆன்டிகுவா நகரத்துக்கு வந்திருந்தாள். மலைக்கிராம மருத்துவமனையில் வேலை தயார். ஆனால் சனிக்கிழமை அங்கே டாக்டர் ஒரு நோயாளியிடம் பேசவிட்டுப் பார்ப்பார். எப்போது வலித்தது, எத்தனை நாள் இருந்தது என்று நடந்து முடிந்ததைக் கேட்கத் தெரியாவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

"நீங்க தங்கியிருக்கிற வீட்டம்மா சாப்பிட்டாங்களா?"

"இல்ல. இருமறாங்க... இருமினாங்க."

ஆராசெலியின் பேனா நின்றது.

அதன்பிறகு பாடப்புத்தகம் திறக்கவே இல்லை. எத்தனை தடவை இருமினாங்க, சளி வந்ததா, காய்ச்சல் இருந்ததா, தூங்கினாங்களா என்று வீட்டம்மா தோன்யா எர்லிந்தாவைப் பற்றியே தினமும் துளைத்தெடுத்தாள். எனக்குப் பாடம் வேண்டும், ஊர்க்கதை வேண்டாம் என்று இங்கெர் முகத்துக்கு நேராகவே சொல்லிப் பார்த்தாள்.

"இதுதான் பாடம்," என்றாள் ஆராசெலி, நிமிராமல்.

தோன்யா எர்லிந்தாவும் இங்கெர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துத்தான் இருமுவாள்.

சனிக்கிழமை டாக்டர் ஒரு முதியவரைக் காட்டினார். அவருக்கும் இருமல். இங்கெர் வாயைத் திறந்ததும் கேள்விகள் தாமாக வந்து விழுந்தன. திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார் டாக்டர்.

துள்ளிக்கொண்டு வீடு வந்தவள், என் முதல் நோயாளி நீங்கள்தான் என்று தோன்யா எர்லிந்தாவை நாற்காலியில் இருத்தி, முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

"உங்களுக்கு இருமலே இல்லையே."

"இருந்தாத்தானே கண்ணு." வீட்டம்மா மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டினாள். "எனக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கிட்டுப் போன என் மக மூணு வருஷமா இந்த வாசப்படி மிதிக்கல. அவ உனக்குத்தான் டீச்சர்னு தெரிஞ்சதும் இரும ஆரம்பிச்சேன்." குரல் இறங்கியது. "ஆராசெலி ஏதாவது கேட்டாளா?"

"தினமும் கேட்டாங்க," என்றாள் இங்கெர், ஒரு பிழையும் இல்லாமல்.