மான்சா தேடாத வீடு

"பிள்ளை ரத்தத்தை எடுத்து சூப் வச்சுக் குடிச்சீங்களாடி?"

கெங்கி என்னும் சோள உருண்டை விற்கிறவள் ஒருத்தி கேட்டதும் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. எல்லார் நெற்றியிலும் சிவப்புத் துணி. சுவரெல்லாம் கையால் எழுதி ஒட்டிய நோட்டீஸ்.

டான்சோ கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அறுபத்தெட்டு வயதிலும் அந்தக் கைக்கு ஊர் அடங்கும். லாரி டிரைவர்களின் வேலைநிறுத்தம், தண்ணீர்க் குழாய்ப் போராட்டம், எல்லாம் அவர் நடத்தியவை.

"என் பேரன் பிறந்த ரெண்டாம் நாள் குதிகால்ல குத்தி, அட்டையில ரத்தம் எடுத்தாங்க. அரிவாள் செல் நோய்னு மூணே வாரத்துல இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தினம் ரெண்டு வேளை மருந்து குடுத்திருந்தா பிழைச்சிருப்பான். யாராவது வந்து சொன்னாங்களா? ஒன்பது மாசம்! காய்ச்சல் வந்து குமாசி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடின பிறகுதான் எங்களுக்கே தெரியும். அட்டை இவங்க மேஜையில தூங்குது. எங்க அடோம் மண்ணுக்குள்ள தூங்குறான்!"

"அந்த நர்ஸை வெளியே அனுப்பு!" என்றது கூட்டம்.

அவர் மகள் செர்வா மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கியிருந்தாள். கோஷம் எதிலும் அவள் சேரவில்லை.

"யார் சொல்லாம விட்டதுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கப்பா" என்றாள்.

டான்சோ உள்ளே போனார். அங்கே நிர்வாகி அட்டா வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே நர்ஸ் மான்சா. சோதனையில் நோய் தெரிந்த குழந்தைகளின் வீடு தேடிப் போய்ச் சொல்வதுதான் அவள் வேலை.

"சிஸ்டர், இவர் வீட்டுக்குப் போனீங்களா?"

"போகல ஐயா."

"ஏன்?"

"விட்டுப்போச்சு."

டான்சோ மேஜையை ஓங்கித் தட்டினார். "விட்டுப்போச்சா? எட்டாம் நாள் பேர் வச்சப்போ எங்க வீட்ல இருநூறு பேர் சாப்பிட்டாங்க. கூப்பிடாதவன்கூட வாசம் பிடிச்சு வந்து சேர்ந்தான். உனக்கு மட்டும் வழி தெரியலியாக்கும்!"



அட்டா ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "தப்பை ஒத்துக்கிட்டதா எழுதியிருக்கேன். திங்கட்கிழமை வடக்கே போயிடுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்துல நர்ஸ் வேலை காலியா இருக்கு."

"பிள்ளைங்க ஸ்கூல் இங்க..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். கையெழுத்துப் போட்டாள்.

கூட்டத்துக்குச் செய்தி சொல்ல அட்டா அவசரமாக வெளியே போனார்.

டான்சோவுக்கு வெற்றி புதிதல்ல. ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் யாரும் இவ்வளவு சுலபமாக விழுந்து அவர் பார்த்ததில்லை. அது உறுத்தியது.

"ஏன் எதுத்து ஒரு வார்த்தை பேசல நீ?"

மான்சா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சீருடைப் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் அருகருகே வைத்தாள். ஒன்று, வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ். இன்னொன்று, ரத்த அட்டையிலிருந்து கிழித்த, விவரம் எழுதிய அடிக்கட்டை.

"நோட்டீஸ் நீங்க எழுதினதுதானே பெரியவரே?"

"ஆமா. நான்தான்."

"இது?"

ஆண் குழந்தை, தாய் செர்வா என்று இருந்தது. பெயர் வைக்காத பிள்ளைக்கு வேறென்ன எழுத முடியும்? கீழே வீட்டு எண், போன் எண். சாய்ந்த, வால் நீண்ட எழுத்து. எழுத்து அவருடையது. எண்கள்தான் அவர் வீட்டினுடையவை அல்ல.

பிரசவ ஆபரேஷன் முடிந்த அசதியில் செர்வா கண்மூடிக் கிடந்தபோது யாரோ நீட்டிய பேனாவைத் தான் வாங்கியது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

முப்பது வருஷத்துக்கு முன், ராணுவ ஆட்சியில், ஒரு மனுவில் எழுதிக்கொடுத்த முகவரியைப் பார்த்துத்தான் ராணுவம் வீட்டுக்கு வந்தது. அவர் இல்லை. தம்பியை இழுத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எந்த அரசாங்கக் காகிதத்திலும் அவர் சரியான முகவரி எழுதியதில்லை. யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் பொய் எழுதும்.

"அந்த நம்பர்ல மூடிக் கிடக்கிற மர மில்லுதான் இருக்கு" என்றாள் மான்சா. "பதினோரு தடவை போனேன். காவல்காரன் என்னைக் கிறுக்கின்னான். பிரசவப் பதிவேட்லயும் இதே நம்பர். அப்புறம் ஊர்ல இருக்கிற செர்வா வீட்டுக் கதவையெல்லாம் தட்டிப் பார்த்தேன். பத்தொன்பது பேர் கிடைச்சாங்க. உங்க செர்வா கிடைக்கல. நேத்து நோட்டீஸைப் பார்த்தப்போதான் எழுதினது யாருன்னு புரிஞ்சுது."

அட்டா போன கதவை டான்சோ பார்த்தார். "இதை... அவர்கிட்ட ஏன் காட்டல?"

"காட்டியிருந்தா விஷயம் வாசல்ல நிக்கிற கூட்டம் வரைக்கும் போயிருக்கும். செர்வாவுக்கு இப்போ யார் மேலயாவது கோபப்படணும் பெரியவரே. அது என் மேல இருக்கட்டும். நான் திங்கட்கிழமை போயிடுவேன். அவ உங்க வீட்லதானே இருந்தாகணும்?"

அடிக்கட்டையை அவரிடமே கொடுத்துவிட்டு, தன் அலமாரியைக் காலி செய்யப் போனாள்.

டான்சோ வெளியே வந்ததும் கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. இரண்டு டிரைவர்கள் அவரைத் தோளில் தூக்கக் குனிந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு செர்வா எதிரே வந்து நின்றாள்.

"யாருப்பா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அந்த நர்ஸ்தாம்மா. அவளே ஒத்துக்கிட்டா."