தையல்காரரின் கையெழுத்து

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். காலை வெட்டிக்கிட்டுப் போறதுக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தோம்?"

தையல்காரர் படிவத்தைத் தள்ளிவைத்தார். கணவன், மனைவி இருவருமே கையெழுத்திட வேண்டும். மனைவி காலையிலேயே போட்டுவிட்டாள்.

"சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்க," என்றாள் அவள். "சர்க்கரைப் புண்ணு. மூணு விரல் கறுத்தே போச்சு."

"மருந்து போட்டா ஆறிடும்."

"ரெண்டு மாசமா அதைத்தானே போட்டோம்?"

"கடையைச் சாத்திட்டு தினமும் ரெண்டு பேரும் ஆத்துப் பாலம் வரைக்கும் நடப்போமே. இனிமே?"

"இனிமே மெதுவா நடப்போம். பாலம் எங்கேயும் ஓடிடாது."

அறுவை சிகிச்சை செய்யப்போகும் டாக்டரம்மா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தோத்துப்போய்க் காலை எடுக்கிறோம்னு நினைக்காதீங்க. விஷம் மேலே ஏறுது. உயிர் தங்கணும்னுதான் எடுக்கிறோம். முழங்காலை மிச்சம் பிடிச்சிட்டா, செயற்கைக் கால் மாட்டி நல்லாவே நடக்கலாம்."

"வெட்டின இடம்?"

"பின்பக்கத்துத் தோலையும் சதையையும் நீளமா விட்டு, முன்னால மடிச்சுத் தைச்சிடுவோம்."

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ தையல் முன்பக்கமா வரும்?"

"ஆமா."

"அதான் சரி. அடியில வந்தா, காலை ஊனும்போது அழுத்தும். இழுத்துப் பிடிச்சுத் தைச்சிடாதீங்கம்மா. கொஞ்சம் தளர்வா விடுங்க. இழுத்துத் தைச்சா துணியே பிரிஞ்சிடும்."

"நாங்களும் அப்படித்தான் படிச்சோம்," என்று சிரித்தார் டாக்டரம்மா.

"பார்த்துக்குங்க டாக்டர்," என்றாள் மனைவி. "விட்டா அளவு நாடாவோட உள்ளேயே வந்துடுவார்."

"வரலாமா?" என்று நிஜமாகவே கேட்டார் தையல்காரர்.

"வெளியில இருங்க. முடிஞ்சதும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்," என்றார் டாக்டரம்மா.

அவர் படிவத்தை இழுத்துக் கையெழுத்திட்டார். முப்பது வருடம் நேர்கோட்டில் தைத்த கை. எழுத்து மட்டும் கோணல்மாணலாக விழுந்தது.

தள்ளுவண்டி வந்தது. ஊழியர்கள் நெருங்குமுன் தையல்காரர் எழுந்தார். மனைவியை இரு கைகளிலும் ஏந்தி, கட்டுப்போட்ட அவள் கால் எங்கும் இடிக்காமல் அதில் படுக்கவைத்தார்.

"எல்லாரும் பார்க்கிறாங்க," என்றாள் அவள், அவர் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே.